வாசகி வந்த மத்தியானம்

பிரைலா நகரத்தில் முப்பது வருஷம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஒதீலியா அக்கா, ஓய்வு பெற்ற பிறகு காதல் நாவல் எழுத ஆரம்பித்தாள். கல்யாணமே ஆகாதவள். "யாரைப் பாத்துக்கா எழுதுற?" என்று கீழ்வீட்டுக்காரியான நான் சீண்டுவேன். சிரித்து மழுப்புவாள். மூன்று நாவல்களும் நன்றாக விற்றன.

போன மார்ச்சில் நாங்கள் இருவரும் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, லெனூட்சா என்றொரு வெளியூர்ப் பெண் பெட்டியோடு வந்து நின்றாள்.

"உங்க நாவல்ல கதாநாயகி புருஷனை விட்டுட்டு வர்றா, பழைய காதலன் ஸ்டேஷன்ல காத்திருக்கான். நானும் அதே மாதிரி, இந்த ஊர்ல இருக்கிற என் பழைய காதலனுக்குக் கடிதம் போட்டுட்டு வந்துட்டேன். மூணு நாளா ஸ்டேஷன்லயே கிடந்தேன். அவன் வரலம்மா."

அக்கா அவளை உட்காரவைத்து சூப் கொடுத்தாள்.

"இனி நான் என்ன செய்யணும்? எழுதின நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதும்மா. என்னை யாரும் காதலிச்சதே இல்ல. எல்லாம் நானா கற்பனை பண்ணினது."

லெனூட்சா அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தாள். புருஷன் எடுக்கவில்லை.

அவள் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். பதிப்பகத்தார் நாலாவது நாவலைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். அக்கா எழுத உட்காருவாள். பக்கத்து அறையில் லெனூட்சா நடமாடுகிற சத்தம் கேட்டதும் பேனாவை மூடிவிடுவாள்.