வாய் நிறையத் தண்ணீர்

"ஊத்திக்கோ. முழுங்காதே. கன்னம் உப்பட்டும், அழகு ஒண்ணும் கெட்டுப் போயிடாது. ம், இப்ப கேளு."

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் கோவில் கூடத்துக்குள் நுழைந்தால் திகோமிர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு நிற்பார். கையில் தட்டு, தட்டில் தண்ணீர்த் தம்ளர்கள். எதிரே அப்பா அம்மாக்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பிள்ளையாக நடிக்க வேண்டும், மற்றவர் பெற்றவராக. பிள்ளையாக இருப்பவர் சொல்ல வேண்டும்: பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை நாலு பேர் சேர்ந்து படுத்தினார்கள், நான் குறுக்கே போய் நின்றேன், இப்போது என்னையும் படுத்துகிறார்கள் என்று. பெற்றவர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்க வேண்டும். அவ்வளவுதான். முதல் தடவை யாராலும் முடிந்ததில்லை. பாதியிலேயே முழுங்கிவிட்டு, "உனக்கு எதுக்குடா ஊர் வம்பு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"பச்சைத் தண்ணியை எவன் வாயில வச்சிருப்பான்? ரக்கியாச் சாராயம் ஊத்து திகோமிர், விடிய விடிய வச்சிருக்கேன்" என்றார் ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர்.

"உன் வாயில ரக்கியா தங்குமா? வாசல்லயே செருப்பைக் கழட்டாம உள்ளே ஓடிருமே!"

கூடமே சிரித்தது. திகோமிர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த தம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தார்.

மொராவா ஆற்றுப் பாலத்தடியில் அவருடைய பஞ்சர் கடை இருக்கிறது. சுவரோரம் ஒரு பழைய கம்ப்ரஸர். காலையில் போட்டால் கடை மூடும்வரை அதை அணைக்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமையும் திருநாள்களிலும் மட்டும்தான் அது ஓயும். அதன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே அவருக்கு அந்தக் குரல் வந்துவிட்டது. வீட்டிலும் அதே குரல், ஜபத்திலும் அதே குரல். சிலுவை போட்டுக்கொண்டால் நெற்றியில் ஒரு கிரீஸ் பொட்டு விழும். எங்கள் பாதிரியார் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஆசீர்வாதம் கொடுப்பார்.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பது மற்றவர்களுக்கு. அவருக்குக் கட்டைவிரல் போதும். "ஆணின்னா வட்டமா இருக்கும். கண்ணாடின்னா கோணல்மாணலா கிழிக்கும். கத்தின்னா நேர்க்கோடு. உதட்டை மூடிக்கிட்ட மாதிரி இருக்கும்" என்பார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். ஏன் என்று ஊருக்கே தெரியும். அவரே சொன்னதுதான்.

புதிதாகப் பெற்றோர்கள் வந்து சேரும்போதெல்லாம் அதைச் சொல்கிறார். உட்கார்ந்து சொல்வதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, நின்றபடி. முதல் வரி மாறுவதே இல்லை: "நான் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேக்க வச்சவன்."

பெண்ணின் பெயர் நேதா. அப்போது ஏழாம் வகுப்பு. அவள் வகுப்பில் தனிலோ என்று ஒரு பையன், காது கேட்கும் கருவி வைத்திருப்பான். போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒருநாள், ரெல்யா என்ற பையன் அதைப் பிடுங்கித் தன் பீன்ஸ் சூப்பில் போட்டுவிட்டுக் கரண்டியால் கலக்கினான். கூட இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். நேதா எழுந்து போய்ச் சூப்புக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். தன் சட்டைக் கையில் துடைத்துத் தனிலோவிடம் கொடுத்தாள். பிறகு நேரே டீச்சரிடம் போனாள். ரெல்யாவுக்குத் தண்டனை கிடைத்தது.

ரெல்யாவின் அப்பா வெசெலின், திகோமிருக்கு கூம். அதாவது நேதாவின் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்றவர். எங்கள் பக்கம் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் மேலே. கூமோடு பகைத்தவன் வீட்டில் ஆண்டவரே சாப்பிட மாட்டார் என்பதுபோலப் பேசுவார்கள். வெசெலின் கெட்டவர் இல்லை. கோவிலுக்குக் குளிர்கால விறகு அவர் தருவதுதான். ஆனால் மகனுக்குத் தண்டனை என்றதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: "நிக்கலஸ் திருநாளுக்கு என் நாற்காலியை எடுத்துடச் சொல்லுங்க."

நிக்கலஸ் திகோமிர் வீட்டின் காவல் புனிதர். அன்றைக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, எல்லோரும் வருவார்கள். வீட்டுக்காரர் உட்காராமல் பரிமாறுவார். கூமின் நாற்காலி காலியாக இருந்தால் வருகிற அத்தனை கண்ணும் அதன்மேல்தான். திகோமிரால் அதை நினைக்கவே முடியவில்லை. ஒரு காப்பிப் பொட்டலமும் சாக்லேட் பெட்டியும் வாங்கிக்கொண்டு, நேதாவைக் கூட்டிக்கொண்டு வெசெலின் வீட்டுக்குப் போனார்.

வெளிக்கதவருகே அவள் கேட்டாளாம்: "அப்பா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லடா கண்ணா. சும்மா ஒரு வார்த்தை சொல்லிடு. வார்த்தைதானே."

அவள் சொன்னாள். கூம் திருநாளுக்கு வந்தார். வழக்கப்படி வீட்டுப் பெண் ஒவ்வொருவர் முன்னாலும் கோதுமைத் தட்டை நீட்ட வேண்டும். அரைத்த கோதுமையில் சீனியும் வால்நட்டும் போட்டுப் பிசைந்தது. நேதா வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தாள். ரெல்யா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். "சூப்பைவிட நல்லாருக்கு" என்றான். பையன்கள் நாலு பேர் குலுங்கிச் சிரித்தார்கள். பெரியவர்களுக்கு அது புரியவில்லை. திகோமிருக்குப் புரிந்தது. மீனைத் திருப்பிப்போடப் போவதுபோல அடுக்களைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நேதா வீட்டில் எதுவும் சொல்வதில்லை. முறைப்பதில்லை, அழுவதில்லை. பள்ளிக்கூடம் எப்படிடா என்றால், "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கு." பனி கரைந்து சைக்கிள் எடுக்கிற காலம் வந்ததும் ஒருநாள் டயரில் காற்றில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். "கண்ணாடி போலப்பா" என்றாள். திகோமிர் டியூபைத் தடவினார். நேர்க்கோடு.

"ஆமாமா, ரோடெல்லாம் கண்ணாடி" என்றார். ஒட்டிக் கொடுத்தார்.

மறுபடியும் வந்தது. மறுபடியும் நேர்க்கோடு. மறுபடியும் ஒட்டிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போதுதான் கூடத்தில் தட்டைக் கீழே வைத்துவிடுவார். "என் தொழில்ங்க அது. எனக்குத் தெரியாதா? அவ பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டு நின்னோம்."

இந்தப் பயிற்சியைக் கொண்டுவந்தது அவர் இல்லை, பள்ளிக்கூடத்தின் ஆலோசகர் அம்மா. முதல் நாள் திகோமிர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். "பிள்ளை வந்து சொன்னதும் உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை எது?" என்று அந்த அம்மா கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கோவிலில் மெழுகுவர்த்தி விற்கிறவள். என்னிடம் ஒன்று வாங்கி, இறந்தவர்களுக்கான தட்டில் இல்லை, உயிரோடிருப்பவர்களுக்கான தட்டில் ஏற்றி வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு முற்றத்துக் குழாயில் வாயை வைத்து நிரப்பிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் துப்பினார்.

"வேற வழியில்ல அக்கா. என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த அம்மாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து தம்ளர் கழுவுவதும் நிரப்புவதும் திகோமிர் வேலை. கேட்டு முடித்த பிறகு பெற்றவர் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: "நீ செஞ்சது சரி. நான் உன்கூட வர்றேன்." அதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிப் பழக்குவார். "என்னய்யா இது, கடன் கேக்கற மாதிரி முனகறே? பிள்ளை காதுல விழ வேணாமா?"

ஒருநாள் நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "தம்பி, இதை நீயே நேதாகிட்டப் போய்ச் சொல்லிடலாமே?"

அவர் துணியால் ஒரே தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போய்ச் சொன்னா, 'சரிப்பா'ன்னுடுவா அக்கா. அன்னிக்கும் சரிப்பான்னுதான் சொன்னா. நான் பேசிப் பேசித்தான் அவ வாயை அடைச்சேன். அவளா வரணும். வந்தா நான் இருக்கணும்."

கடையில் தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தகரக் குவளை இருக்கிறது. தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பி வைக்கிறார். அவர் அதில் குடித்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் கோவில் கைவண்டியின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். குளிர்கால டயர் மாற்றுகிற நேரம், பாலம்வரை கார்கள் நின்றன. ஜாக்கியின் மேல் நின்றது வெசெலின் கார், நாலு சக்கரமும் கழற்றியபடி. வெசெலின் முக்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"என்ன கூமே, வாயில தண்ணி வச்சிக்கச் சொல்லித் தர்றியாமே! உன் வாய்க்கு மொராவா பூரா ஊத்தினாலும் பத்தாதே!"

"பத்தாதுதான் கூமே" என்றார் திகோமிர், குனிந்த தலை நிமிராமல்.

"திருநாளுக்குக் கெண்டை மீன் சொல்லிட்டியா? போன வருஷம் முள்ளு ஜாஸ்தி."

அப்போதுதான் நேதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் உயரமாகிவிட்டாள். பின் டயர் தரையோடு தரையாக இருந்தது. வெசெலினைப் பார்த்ததும் நின்றாள்.

"வாடி என் ஞானப்பிள்ளை! மறுபடியும் பஞ்சரா? உங்கப்பனுக்கு வியாபாரம் இல்லைன்னு நீயே ஓட்டை போட்டுக்கறியா?"

"ஏதோ கண்ணாடி போல" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

திகோமிர் டியூபை உருவினார். கட்டைவிரல் அதன்மேல் ஓடியது. ஓரிடத்தில் நின்றது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆமாமா, ரோடெல்லாம்' என்று சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குள் ஜபம் ஓடியது. அவர் டியூபை மடியில் வைத்தார். தகரக் குவளையை எடுத்தார். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, மகளை நிமிர்ந்து பார்த்தார்.

நேதா அந்தக் கன்னங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, என் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"கண்ணாடி இல்லப்பா" என்றாள். கம்ப்ரஸர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "எப்பவுமே கண்ணாடி இல்ல. ரெல்யாவும் அவன் கூட இருக்கறவங்களும்தான். டயரு மட்டும் இல்லப்பா."

வெசெலின் முக்காலியிலிருந்து எழுந்தார். "ஏய், என்ன சொல்றா இவ? யாரைச் சொல்றா? திகோமிர், உன் பொண்ணை அடக்கு. அப்புறம் திருநாளுக்கு என்னைப் பாக்க முடியாது, சொல்லிட்டேன்!" கார்ப் பக்கம் திரும்பினார். அது சக்கரமில்லாமல் அந்தரத்தில் நின்றது. மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார். "சொல்லேன் அவகிட்ட! வாயைத் திறந்து சொல்லேன்!"

நேதா பேச்சை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள்.

திகோமிர் எழுந்தார். கண்ணிலிருந்து வழிந்தது உப்பிய கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, வாயிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. கூமின் தோளைத் தாண்டி, கிரீஸ் படிந்த கையைச் சுவருக்கு நீட்டி, கம்ப்ரஸரை அணைத்தார்.