சந்தனம் பூசிய டிஸ்க்

எங்கள் குரல் காப்பகம் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. விழுப்புரத்தில் ஒரு வாடகை அறை, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், நான். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து பத்திரப்படுத்துவது வேலை. என்னோடு வேலை பார்ப்பவர் கோட்டக்குப்பத்துப் பாய் வீட்டு அக்கா; அவர் வீட்டுக்காரர் துபாயில். திண்டிவனத்தில் இதே கிறுக்குப் பிடித்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

மூவரும் கூடி ஒரு நாள் விதிமுறை வகுத்தோம். எந்தப் பதிவானாலும் மூன்று ஹார்ட் டிஸ்க்கில் மூன்று பிரதி. மூன்றும் மூன்று ஊரில். வாத்தியார் அதை டைப் அடித்து, லேமினேஷன் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தார். வெள்ளம், தீ, எலி, வைரஸ் என்று உலகத்து ஆபத்தெல்லாம் அதில் உண்டு. மூன்றாவது பிரதி கோட்டக்குப்பத்தில் என்றதும் நான்தான் குதித்தேன். கடல் காற்றில் ஆணியே துருப்பிடிக்கிற ஊர், டிஸ்க் எம்மாத்திரம் என்று அக்காவைச் சீண்டினேன். அவர் சிரித்துக்கொண்டே டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு பெண் வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு ஓரம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற அம்மாவின் மகள். நான் ஒரு தடவை பதிவு செய்திருந்த அந்த அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்குச் செல்போன் கடையில் வேலை. ஊரார் போனையெல்லாம் பிழைக்க வைக்கிறவள், தன் போனை மாற்றும்போது அம்மாவின் குரலைத் தொலைத்துவிட்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலி ஏறுவதற்கு முன்னால் அம்மா பேசுவதை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

நானோ பெரிய மனுஷி. பூஜை முடியட்டும், எங்களிடம் மூன்று காப்பி இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று சொல்லி அனுப்பினேன். வாயை மூடிக்கொண்டு அன்றைக்கே போட்டுக் காட்டியிருக்கலாம்.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் கடப்பாரை முதல் கால்குலேட்டர் வரை பொட்டு உண்டு. சோறு போடுகிற டிஸ்க்கை மட்டும் விட மனசு வருமா? சந்தனம் குழைத்தேன், தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அக்காதான். பொரியும் சுண்டலும் எங்கள் இருவரில் யார் அதிகம் தின்றது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. டிஸ்க்கின் நெற்றியில் ஒரு பொட்டு, முதுகில் ஒரு பொட்டு, ஒயர் சொருகும் வாயில் தாராளமாக ஒரு பொட்டு. அதுதானே வாசல்? நல்ல நாளும் அதுவுமாக வாசலை வெறுமையாக விடலாமா?

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். ஒயரைச் சொருகினேன். கம்மென்று சந்தன வாசனை வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவள் டிஸ்க்கை வாங்கித் துடைத்து, திரும்பச் சொருகி, பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே அவள் அம்மா முறைப்பு.

ஒன்றும் கவலை இல்லை என்று திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். வாத்தியார் உற்சாகமாக இருந்தார். அவர் டிஸ்க்குக்குப் பன்னீரே தெளித்திருக்கிறாராம், மல்லிச்சரம் வேறு. சொருகிப் பாருங்கள் சார் என்றேன். சொருகினார். அப்புறம் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அவர் டிஸ்க்கும் காலி.

ஊர் வேறு வேறு என்று எழுதி லேமினேஷன் போட்டோமே, இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஒரே பூஜை என்று ஒருவருக்காவது தோன்றியதா? வெள்ளத்துக்குப் பயந்தோம், எலிக்குப் பயந்தோம். எங்களுக்கு நாங்கள் பயப்படவில்லை.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவ்ளோதானாக்கா?" என்றாள். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

கோட்டக்குப்பத்துக்குப் போன் போட்டேன். லீவு நாளென்றும் பார்க்காமல் அக்கா பாண்டிச்சேரி வந்து பஸ் மாறி வந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா. துபாயிலிருந்து வரும் ஷூ பெட்டிகளில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்கள், அவற்றுக்கு நடுவே டிஸ்க் சுகமாகப் படுத்திருந்தது.

"எங்க வீட்ல இதுக்குப் பொட்டு வைக்க ஆளில்ல பாருங்க, பாவம், உசுரோட இருக்குது" என்றார்.

உப்புக்காற்றைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. முதலில் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். பட்ட பிறகாவது புத்தி வர வேண்டாமா? அதற்குள் வாத்தியாரிடமிருந்து போனில் புது விதி வந்துவிட்டது: இனி பூஜையில் டிஸ்க்கின் காலி அட்டைப்பெட்டியை மட்டும் வைக்கவும்.

பதிவைப் போட்டேன். பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், அப்புறம் அந்த அம்மா. பேட்டியாம் பேட்டி! முழுக்க முழுக்க எனக்கு விழுந்த வசவுதான்.

"இன்னாத்துக்கு இத என் மூஞ்சியாண்ட நீட்டிக்கினு நிக்கிற? வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய வுடு. மல்லாட்டை ஆறிப்போவுது. இன்னும் எத்தினி வாட்டிதான் சொல்றது?"

அந்தப் பெண் சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கம் குனிந்து சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு வாட்டிம்மா."