உப்புச் சுற்றிப் போட்டதும் எரிந்த மஞ்சள்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மகள் இன்று பாடசாலையிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அழுதாள். பௌதிகவியல் படிப்பிக்கும் சேர் மாற்றலாகிப் போய்விட்டாராம். வேறு ஆள் இல்லை. திங்கட்கிழமை முதல் கலைப்பிரிவில் போய் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு சரசு அக்கா வந்தார்.

"நம்ம தோட்டத்து லயத்துல மொத மொத சயன்ஸ் படிக்கிற புள்ள, கண்ணு படாம இருக்குமா?"

ஒரு பிடி உப்பை அள்ளி அவளுக்குச் சுற்றினார். விறகு மழையில் நனைந்திருந்ததால் கேஸ் அடுப்பிலேயே போட்டார்.

நீல நெருப்பு பளிச்சென்று மஞ்சளானது.

"ஆத்தாடி! எம்புட்டுக் கண்ணு பாத்தியா!"

"இல்லக்கா, யாருக்குச் சுத்திப் போட்டாலும் இப்படித்தான் எரியும். உப்புல இருக்கிற சோடியத்துக்கு அந்த நெறந்தான். சூடு பட்டா அதோட அணுவுக்குள்ள சுத்துற இலத்திரன் மேல ஏறும், எறங்குறப்ப இந்த மஞ்சள விடும். ஒவ்வொரு அணுவுக்கும் அதுக்குன்னு ஒரு வெளிச்சம்" என்றேன்.

மகளின் புத்தகத்தைச் சோறு வேகும் நேரத்தில் நானும் வாசிப்பேன்.

"இம்புட்டுத் தெரியுதுல்ல, நீயே சொல்லிக் குடேன்!"

"இந்தப் பக்கம் வரைக்குந்தான்க்கா எனக்குப் புரியுது. அடுத்த பக்கத்துல கணக்கு வருது."

மகள் சிரிக்கவில்லை. நுவரெலியாவில் டியூஷன் உண்டு. ஆனால் அது முடியுமுன் எங்கள் ராகலைக்குக் கடைசி பஸ் போய்விடும்.

கோயிலில் முருகனிடம் சொல்லிவிட்டேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இது கண்ணேறாகவே இருந்திருந்தால் நல்லது. அதற்காவது உப்பு இருக்கிறது. சேர் இல்லாததற்கு எதைச் சுற்றிப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.