அவர் கொட்டாஞ்சேனையில் சொன்னதும் கிருலப்பனையில் சொன்னதும்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்ததும் ஆண்கள் நாட்டை ஆளத் தொடங்கிவிடுவார்கள். இந்த நாட்டுக்கு எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. இரும்புக் கை வேண்டும் என்பார் ஒருவர். படித்த மனிசன் வேண்டும் என்பார் இன்னொருவர். நான் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று என் கணவருக்குத் தெரியும். ஐஸ்கிறீம் கோப்பை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்த தலைவர் ஒருவர் இருந்தார். இரண்டு தேர்தல்களில் நின்று ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றவர். அதற்கு மேல் போக அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாட்டுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நான் சொல்லுவேன். ஒரு வருடம் அவர் பேச்சைத் தமிழில் சொன்னவள் நான்.

யுத்த காலம் அது. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம்: அம்மா, நான், தம்பி. அப்பா உயிரோடு இருந்தபோது இரத்மலானைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். அங்கே சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி, அடிபட்டு வளர்ந்ததால் என் சிங்களத்தைக் கேட்டு ஒருவரும் என்னைத் தமிழ் என்று சொல்லமாட்டார்கள். அந்தச் சிங்களம்தான் அரச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலையை வாங்கித் தந்தது. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. ஒரு பின்னேரம் தெஹிவளையில் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றவனைச் சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலையத்தில் நாலு நாள், இங்கேதான் இருக்கிறான் என்றார்கள். ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பார்சலோடு போனபோது அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். எங்கே கொண்டுபோனீர்கள் என்று நான் கேட்க, மேசைக்குப் பின்னால் இருந்தவன் கொட்டாவி விட்டான். மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும் அந்தக் கொட்டாவியை நான் மன்னிக்கமாட்டேன்.

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரே கேள்விதான். பிள்ளை இருக்கிறானா, இல்லையா? விடுவார்களா என்றுகூட அவ கேட்கவில்லை. இருக்கிறானா என்று மட்டும்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் ஒருத்தி அவரைப் பற்றிச் சொன்னாள். சிங்களவர், சின்னக் கட்சி ஒன்றின் பாராளுமன்ற உறுப்பினர், பிடிபட்டவர்களின் பெயர்களை எடுத்து அமைச்சில் கேட்கிறாராம். போனேன். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்த மெலிந்த மனிதர். அரைக்கைச் சட்டை. மேசையில் ஒரு பை வறுத்த கடலை. பேச்சுக்கு நடுவில் அதைக் கொறிப்பார். கட்சிக்காரர்களுக்கே அது பிடிக்காது. தம்பியின் பெயரை அவரே ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினார். என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுது முடிந்ததும், "நங்கி, உங்களுக்கு ரெண்டு பாஷையும் இப்படி வருமெண்டால் சனிக்கிழமையில வந்து எனக்கு உதவி செய்வீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. அவருக்கு நான் கடைசிவரை நங்கிதான், எனக்கு அவர் சேர்.

முதல் பெரிய கூட்டம் கொட்டாஞ்சேனையில், ஒரு கோயில் மண்டபத்தில். மாதா கோயில்தான். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் தாய்மார். துறைமுகத்தில் வேலை செய்யும் குடும்பங்களின் கத்தோலிக்கப் பெண்கள் செபமாலையோடு முன்வரிசையில். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் பின்னால். மூன்றாம் வரிசையில் எங்கள் அம்மா. வரவேண்டாம் என்றேன், கேட்டால்தானே.

அவர் எழுந்து பேசினார். பேச்சுக்காரர் இல்லை அவர். குரல் கீழேயே நிற்கும். "உங்கட பிள்ளையள்ல ஒருத்தரையாவது விடுவிப்பன் எண்டு நான் வாக்குத் தர ஏலாது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. எங்க இருக்கினம் எண்டு தேடுவன். அதிலயும் தோத்துப்போகலாம்" என்றார், சிங்களத்தில். பிறகு என்னைப் பார்த்தார், இனி உன் பங்கு என்று.

நான் மண்டபத்தைப் பார்த்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. என்ர கடவுளே, அந்தப் பார்வைக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? "பயப்படாதேங்கோ, உங்கட பிள்ளையளை எப்பிடியும் வெளியில எடுப்பன் எண்டு ஐயா சொல்லுறார்" என்று சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது என்றால் நீங்கள் நம்பவேண்டும்.

மண்டபம் கையடித்தது. ஒரு கிழவி ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டாள். "ஐயா நல்லா இருக்கோணும், நூறு வயசுக்கு இருக்கோணும்" என்று பின்னாலிருந்து குரல்கள். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. நானே சொன்ன பொய்யை நானே நம்பிக்கொண்டு நின்றேன், விசர்!

அவருக்கு வணக்கம், தண்ணி என்ற இரண்டைத் தவிர ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. ஆனால் முகம் மாறிவிட்டது. குனிந்து, "நங்கி, என்ன சொன்னீங்கள்?" என்றார். நீங்கள் சொன்னதைத்தான், என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் சொன்னதுக்கு ஒருத்தரும் கை தட்டமாட்டினம்."

வேறு எந்த அரசியல்வாதியாவது, சொல்லுங்கள் பார்ப்போம், விழுந்த கைதட்டலைத் திருப்பிக் கொடுப்பானா? தேர்தல் வேறு வரப்போகிறது. கொட்டாஞ்சேனை வாக்குகள் சும்மா மடியில் வந்து விழுகின்றன. பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். பிறகு யாராவது கேட்டால், மொழிபெயர்த்தவளின் பிழை என்றும் சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதானே. அவர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "நான் நீளமாகப் பேசிவிட்டேன், அது என்னுடைய பிழை. இனி ஒரு வசனம் நான், ஒரு வசனம் நங்கி" என்றார். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை நானே தமிழில் சொல்லவேண்டி வந்தது. காது சுட்டது எனக்கு. பிறகு அவர் மறுபடியும் முதலிலிருந்து, துண்டு துண்டாக, அதையே சொன்னார். வாக்குத் தர ஏலாது. அதிகாரம் இல்லை. தோற்றுப்போகலாம். அம்மாவைப் பார்க்காமல், கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன்.

"அப்ப என்னத்துக்கு இங்க வந்தீங்க? எங்களப் பாத்து அழவா?" என்று முன்வரிசையில் ஒருத்தி எழும்பிக் கத்தினாள். அதையும் அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "கோபப்பட அவவுக்கு உரிமை இருக்கு" என்று மட்டும் சொன்னார். பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களிடம் அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், சட்டையின் நிறத்தையும் எழுதினார். பொழுதுபடும்வரை எழுதினார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினா. "அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லிப்போட்டு நிண்டுது. நீ ஏன் பொய் சொன்னனி?" என்றா. "இனி என்னட்ட பொய் சொல்லாத. எனக்குத் தாங்க ஏலும்" என்றா.

அடுத்த கிழமை அவர் என்னைக் கிருலப்பனைக்கு வரச் சொன்னார். அங்கே அவருடைய தேர்தல் கூட்டம். எல்லோரும் சிங்களவர், மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. நான் எதற்கு என்று கேட்டேன். "கொட்டாஞ்சேனையில நான் சொன்னதைக் கேட்டீங்கள்தானே. இங்க சொல்லுறதையும் கேளுங்கோ. வித்தியாசம் இருந்தால் எழும்பிப் போங்கோ. எனக்கு விளங்கும்" என்றார்.

பொட்டை அழித்துவிட்டுப் போனேன். அந்த நாட்களில் நாங்கள் பஸ்ஸில் ஏறும் முன் கை தானாக நெற்றிக்குப் போகும். சந்தியில் சின்ன மேடை, நாலைந்து குழல் விளக்குகள், கொடி. மகன்மார் படையில் இருக்கும் குடும்பங்கள் அந்தப் பகுதியில் நிறைய. அவருக்கு முன்னால் பேசியவர்கள் வெற்றி, வீரம் என்று முழங்கினார்கள். பிறகு இவர் ஏறினார். விலைவாசி, தண்ணீர்க் குழாய் எல்லாம் சொல்லிவிட்டு, "போன கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன்" என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்த கட்சி அமைப்பாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் கண்ணால் கண்டேன். அவர் நிறுத்தவில்லை. "பிடிச்சுக்கொண்டு போன தமிழ்ப் பிள்ளையளின்ட பெயர்களை எழுதி எடுத்திருக்கிறன். அவங்கள் எங்க எண்டு கேக்கப்போறன். உங்கட பிள்ளையளும் போர்முனையிலிருந்து தகவல் இல்லாமல் இருக்கினம். அதையும் கேக்கப்போறன். அங்க வாக்குத் தரேல்ல. இங்கயும் தர ஏலாது."

"கொட்டியா!" என்று ஒருவன் கத்தினான். புலி என்று. கூ என்று ஒரு கூச்சல் எழும்பியது. யாரோ எறிந்த தோடம்பழத் தோல் அவர் தோளில் பட்டு விழுந்தது. இப்போது இவரைத் தேடி மேடைக்கு ஏறினால் அடுத்தது என்னைத்தானே தேடுவார்கள்? ஆனால் எழும்பிப் போக மனம் வரவில்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. கொட்டாஞ்சேனையில் சொன்னதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு சிங்களப் பெண் மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள். கையில் சீருடையோடு ஒரு பையனின் படம். எட்டு மாதமாகக் கடிதம் இல்லையாம். அவர் கொப்பியைத் திறந்தார். தம்பியின் பெயர் இருந்த பக்கத்தில்தான் இடம் மிச்சமிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய மகனின் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளை எனக்குக் கட்டிப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. என்ன மொழியில் தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டும் தெரிந்த எனக்கு!

இந்த நாட்டில் தலைவர்கள் சிங்களத்தில் ஒன்று சொல்லி ஆங்கிலத்தில் இன்னொன்று சொல்லித் தமிழில் மூன்றாவது ஒன்றைச் சொல்லுவார்கள். எங்கட ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. கொழும்பில் ஒரு பேச்சு, யாழ்ப்பாணத்தில் வேறு பேச்சு. மொழிபெயர்ப்பாளராக எனக்கு அது வயிற்றுப் பிழைப்பு. இரண்டு பக்கமும் கேட்கப் பிடிக்காத ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் போய்ச் சொன்ன ஒருவரை நான் அப்போதுதான் பார்த்தேன். பிளவுபட்ட ஒரு நாட்டை ஆள என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால் எனக்கு இதைத்தான் சொல்லத் தெரியும். கல்யாண வீட்டு ஆண்கள் சிரிக்கட்டும்.

தேர்தலில் அவர் தோற்றார். கிருலப்பனை மட்டுமல்ல, கொட்டாஞ்சேனையும் அவருக்குப் போடவில்லை. வாக்குறுதி தந்தவர்களுக்குத்தான் போட்டார்கள். பதவி போனது, வாகனம் போனது. ஆனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். "நங்கி, தாம தன்னே நே" என்பார். இன்னும் தெரியாது. அவ்வளவுதான். வைத்துவிடுவார். அம்மா என் முகத்தைப் பார்ப்பா. "இன்னும் தெரியாதாம்" என்று நான் அப்படியே சொல்லுவேன்.

அதே மாதங்களில் மற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தம்பி நல்ல சுகம், கொழுத்துப்போய் இருக்கிறான் என்று ஒரு கட்சிக்காரன் வந்து சொன்னான். கப்பலில் ஏறிவிட்டான் என்றார் ஒருவர். தை பிறக்க வாசலில் நிற்பான் என்றார் சாத்திரி. முதலில் அம்மா ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றா. பிறகு பிறகு, யார் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பத் தொடங்கினா. பிள்ளை இல்லை என்று அவ உள்ளுக்குள் முடிவெடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சாப்பாடு குறைந்தது. வெள்ளிக்கிழமை தொலைபேசிக்கு மட்டும் முன்கூட்டியே வந்து கதிரையில் இருப்பா.

தம்பியைக் கொண்டுபோய் ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லீவில் வீட்டில் நின்றேன். தொலைபேசி அடித்தது. அவர்தான். மூச்சு வாங்கியது, தெற்கில் ஏதோ ஒரு ஊர்க் கடையிலிருந்து எடுக்கிறாராம்.

"தெக்கா, நங்கி. மம தெக்கா." கண்டேன், நான் கண்டேன் என்றார். ஒரு தடுப்பு முகாமில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். பெயரைக் கேட்டுச் சரிபார்த்தாராம். நல்லா மெலிந்துபோயிருக்கிறான், இடது கை முறிந்து கோணலாகப் பொருந்தியிருக்கிறது, எப்போது விடுவார்கள் என்று தனக்குத் தெரியாது, அதை மட்டும் கேட்கவேண்டாம் என்றார்.

அம்மா குசினி வாசலுக்கு வந்து நின்றா. நான் ஒரு வசனம் ஒரு வசனமாகச் சொன்னேன். மெலிந்தது சொன்னேன். கை முறிந்ததும் சொன்னேன். எப்ப வருவான் எண்டு தெரியாதாம் என்பதையும் சொன்னேன்.

"ஆர் சொன்னது?" என்றா அம்மா.

"சேர். தானே கண்டவராம்."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. ஏழு மாதமாகச் சத்தம் போட்டு அழாதவ, பக்கத்து பிளாட்காரர் ஓடிவரும் அளவுக்கு அழுதா.

"அப்ப பிள்ளை இருக்கிறான்" என்றா.