புல் பொங்கவைத்த பானை

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியனாகிய நான், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே உள்ள எங்கள் நெல் வயலில் பாதியைக் கம்பு நேப்பியர் என்னும் மாட்டுத் தீவனப் புல்லுக்கு ஒதுக்கினேன். ஒருமுறை கரணை எனப்படும் தண்டுத் துண்டை நட்டால் ஆண்டுக்கணக்கில் அறுக்கலாம் என்று ஊரார் முன் பெருமையாகப் பேசியும் வைத்தேன். ஆனால் படூரில் மகள் வீட்டில் தங்கிவிட்டதால் அறுக்க வேண்டிய பருவம் தவறியது. தண்டு முற்றிவிட, மாடுகள் முகர்ந்து பார்த்து விலகிப் போயின.

"இன்னா சார், மாடே வேணான்னுது. கூரை மேயவா வளத்தீங்க?" என்றார் பக்கத்து நிலத்து முனுசாமி.

"மாட்டுப் பொங்கலன்று இந்தப் புல் தரும் நெருப்பில்தான் என் பானை பொங்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே அச்சம் வந்தது.

புல்லைப் பொடியாக நறுக்கி, சாணத்தோடு கரைத்து, தொழுவத்தில் இருந்த கோபர் காஸ் என்னும் சாண எரிவாயுத் தொட்டியில் நிரப்பினேன். முதலில் வந்த வாயு தீக்குச்சியையே அணைத்தது; அது பெரும்பாலும் கரியமில வாயு, எரியும் மீத்தேன் சேர இன்னும் நாளாகும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கல் வைக்கும் நேரத்தில் தெருவே தொழுவத்தின் முன் திரண்டது.

"வெறகு எடுத்தாரட்டுமா சார்? நம்ம வூட்டாண்ட நெறைய கீது" என்றார் முனுசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

தொட்டியிலிருந்து அடுப்புக்கு வந்த குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். நீலச் சுடர் பற்றிக்கொண்டு நிலைத்து நின்றது. பால் மெல்ல ஏறி, நுரைத்து, பானையின் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று முதலில் கூவியவர் முனுசாமி. அடுத்த மூச்சிலேயே, "எனக்கும் கொஞ்சம் கரணை குடு சார்" என்றார்.

வழக்கப்படி அந்த முதல் குரல் வீட்டுக்காரனுக்கு உரியது. நானோ அந்த நீலச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண் கலங்கியதற்குப் புகையைக் காரணம் சொல்லவும் வழியில்லை. அந்த அடுப்பில் புகையே இல்லை.