புன்னை மூட்டில் பதினொரு மணி

எங்கள் வட்டாரத்தில் இப்போதெல்லாம் பெண் பார்க்க முதல் தடவையே யாரும் வீட்டுக்கு வருவதில்லை. வந்துவிட்டு வேண்டாம் என்றால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு வீட்டாரும் ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்திப்பார்கள். நகைக்கடை, சர்ச் கன்வென்ஷன் பந்தல், பேக்கரி, கண் ஆஸ்பத்திரி வராந்தா என்று தற்செயலுக்கு ஏற்ற இடங்கள் நாகர்கோவிலைச் சுற்றி நிறைய உண்டு. வந்த காரியத்தைப் பற்றி இரண்டு தரப்பும் வாய் திறக்கக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது. வெயிலைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசலாம். சிறிது நேரத்தில் பையனும் பெண்ணும் பத்தடி தள்ளி நடப்பார்கள். நாங்கள் பார்க்காத மாதிரி பார்ப்போம். பிறகு கலைந்துபோவோம். மறுநாள் தரகர் போன் செய்து, "சாரே, சொல்லி விடுதோம்னு சொல்லியிருக்காங்க" என்பார். அதற்கு வேண்டாம் என்று பொருள். முதல் தடவை அது புரியாமல் மூன்று மாதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இது ஒன்பதாவது தற்செயல். அவளுக்கு வயது முப்பத்தொன்று. மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். பெங்களூரில் ஆராய்ச்சி வேலை ஒன்றுக்கு அழைப்பு வந்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். கிளம்பும்போது காரில் பின் சீட்டிலிருந்து சொன்னாள்.

"அப்பா, இதுதான் கடைசி. இதுவும் சரியாவல்லன்னா நான் பெங்களூர் போறேன். பொறவு யாரும் எனக்கு எடம் பாக்கக் கூடாது. தரகர்ட்டயும் சொல்லிருங்க."

"ஏட்டி, போற காரியத்துக்கு இப்படியா பேசுவ" என்றாள் மனைவி.

"இதுவரைக்கும் எட்டுத் தடவை பேசாமத்தான் வந்தேன்."

கியரை மாற்றினேன். வாழ்க்கையில் நான் உறுதியாக மாற்றியிருப்பது அது ஒன்றைத்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுத்துவிட்டது. சம்பந்தம் கூடாததைக் காட்டிலும், ஒவ்வொரு தடவையும் புதிதாக முகத்தைக் கழுவி நம்பிக்கையைப் பூசிக்கொண்டு போவதுதான் சோர்வு. ஆனாலும் இந்த இடம் கூடிவிட வேண்டும் என்று உள்ளே ஒரு பிடி இருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. மனைவிக்குக் கால்முட்டு தேய்ந்துவிட்டது. நாங்கள் இல்லாத வீட்டில் அவள் தனியாக விளக்கைப் போட்டு அணைக்கும் காட்சி, விடியற்காலைகளில் அழைக்காமல் வந்து நிற்கும்.

இந்தத் தடவை இடம், கடலை ஒட்டியிருக்கும் ஒரு தாவரத் தோட்டம். கன்னியாகுமரிக்கு வரும் பஸ் கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இளநீரைத் தவிர வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. உப்புக் காற்றில் வளரும் மரஞ்செடிகளை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தரகர் எங்கள் சபையைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் வகுப்பு நடத்துவதுபோலத்தான் சொல்வார்.

"புன்னை மரத்து மூட்டுல பதினொரு மணி. பையனுக்க அப்பா வெள்ளைச் சட்டை, கையில கறுத்த குடை. சாருக்குப் புன்னையைப் பத்திச் சொல்லவா வேணும்."

வேண்டாம்தான். நான் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். சிரிப்பு வராத வாரங்களில் இலக்கியம் எழுதுவேன். நெய்தல் நிலத்துப் புன்னையைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து எழுதி, வாசகர்களிடமிருந்து உருக்கமான கடிதங்கள் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்று வாரமும் நான் ஒரு புன்னையை நேரில் பார்த்ததில்லை என்பதை எந்த வாசகரும் கண்டுபிடிக்கவில்லை.

வாசலில் டிக்கெட் எடுத்தோம். நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய மரம், அதன் கீழே எதிரெதிராக இரண்டு சிமென்ட் பெஞ்சு. மனைவி முதல் பெஞ்சிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால இனி ஒரு அடி வைக்க முடியாது. நீங்க போய்ப் புன்னையைத் தேடுங்க. உங்களுக்க போன் எனக்க பையிலயாக்கும் கெடக்கு, வேணுமா?"

"வேண்டாம். போனைக் கையில வச்சிட்டு நின்னா ஆளைத் தேடுத மாதிரி இருக்கும்."

மகளும் நானும் நடந்தோம். பாதையின் இரண்டு பக்கமும் மணல். இராவணன் மீசை என்கிற முள்புல் கொத்துக் கொத்தாக நின்றது. அதன் காய்ந்த உருண்டை ஒன்று காற்றில் உருண்டு எங்களைத் தாண்டி அவசரமாகப் போனது. தாழைப் புதர்கள், எங்கள் ஊரில் கைதை என்போம், முட்டுக் கொடுத்த வேர்களில் நின்றன. மனைவிக்கும் அந்த ஏற்பாடு இருந்திருக்கலாம். ஒரு செடியில் பூக்கள் எல்லாமே பாதிப் பூவாக இருந்தன, மீதிப் பாதியை யாரோ பிய்த்துக்கொண்டு போனதுபோல. பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்திருந்தது. மகள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். நான் மணியைப் பார்த்தேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, குளத்தோரமாக ஒரு கம்பீரமான மரம் தென்பட்டது. பெரிய, பளபளக்கும் இலைகள். தரையில் ஷேவிங் பிரஷ் மாதிரி உதிர்ந்து கிடந்த பூக்கள். அதன் மூட்டில், அடிமரத்தை ஒட்டி, வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர், கையில் கறுத்த குடை, பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். நெய்தல் நிலமே என்னைக் கைநீட்டி அழைத்ததுபோல இருந்தது.

பையனின் போட்டோ எனக்கும் வந்திருந்தது. ஆனால் எட்டு போட்டோ பார்த்தவனுக்கு ஒன்பதாவது முகம் மனதில் நிற்பதில்லை. எல்லாரும் நீலக் கோட்டில், ஒரே திரைச்சீலைக்கு முன்னால், ஸ்டுடியோக்காரர் மருவையெல்லாம் துடைத்தெடுத்த கன்னங்களோடு நிற்கிறார்கள்.

"நல்ல வெயிலு" என்றேன், முறைப்படி.

"வெயிலுதான். ஆனா இதுக்க கீழ ஏறாது பாத்துக்கிடுங்க" என்றார் அவர். "எங்கேருந்து வாறிய?"

"நாகர்கோவில். நீங்க?"

"புதுக்கடைப் பக்கமாக்கும். ரப்பர் நர்சரி வச்சிருக்கேன். ரப்பரைப் பாத்துப் பாத்துக் கண்ணு செத்துப் போச்சு. அதான் வேற வல்லதும் பாப்போம்னு வந்தது."

பையன் வீட்டார் குளச்சல் பக்கம் என்று கேட்ட ஞாபகம். ஆனால் புதுக்கடைக்கும் குளச்சலுக்கும் தூரம் ஒன்றும் பெரிதில்லை. தற்செயலுக்காகக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு ஏதாவது பார்ப்போம் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் நாசூக்காகப் பட்டது.

குளத்தில் கண்டல் செடிகள் நின்றன. அவர் குடையால் சுட்டிக் காட்டினார். "இதுக்க விதை தாய்மரத்துலயே முளைச்சு, நல்லா நீண்ட பொறவுதான் கீழ விழும். உப்புத்தண்ணின்னாலும் சேறுன்னாலும் பிடிச்சுக்கிடும்."

பெண் புது இடத்தில் ஒத்துப்போவாளா என்று கேட்கிறார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "எங்க வீட்லயும் ஒண்ணு உண்டும். கொஞ்சம் பிடிவாதம். ஆனா வேர் பிடிச்சாச்சுன்னா பொறவு பிரச்சினை இல்ல."

"கொஞ்சம் சாணி போட்டுப் பாருங்க" என்றார்.

இதற்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மகனிடம், "லேய், அந்தப் பிள்ளைக்கு அங்கிட்டுக் கெடக்கிய அடும்பைக் காட்டிக் குடு. நல்லாப் பூத்திருக்கு" என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. எட்டுத் தடவையும் இந்தக் கட்டத்தை நான்தான் இருமி இருமித் தொடங்கிவைத்திருக்கிறேன்.

மகள் அவனோடு மணல்மேட்டுக்கு நடந்தாள். அங்கே அடும்புக் கொடி தரையோடு தரையாக ஓடியது. ஆட்டுக் குளம்பு மாதிரி இலை, இளஞ்சிவப்புப் பூ. அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். கண் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பேக்கரியிலும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளே ஏதோ கேட்டாள். அவன் குனிந்து, கொடியின் கணுவில் வேர் இறங்கியிருக்கிற இடத்தைக் காட்டினான்.

எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. பெரியவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே அவர் காட்டியதையெல்லாம் பார்த்தேன். பூவரசின் பூ மஞ்சளாகப் பூத்து, சாயங்காலம் சிவந்து விழும் என்றார். நான் பிறந்ததிலிருந்து பூவரசின் கீழ் நடக்கிறேன், கவனித்ததில்லை. மணிக்கணக்கு மறந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில், என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் அவிழ்க்கலாம் என்று தோன்றியது. மரத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

"என்ன இருந்தாலும் புன்னை புன்னைதான். இதுக்குக் கீழ நின்னுதான் அந்தக் காலத்துல எத்தனை காதல்."

அவர் என்னைச் சங்கடமாகப் பார்த்தார். "இது புன்னை இல்லல்லா. சமுத்திரப்பழம். இன்னா பாருங்க, நாலு மூலை வச்ச காயி. கடல்ல மாசக்கணக்கா மெதக்கும். புன்னை வாசல்லயே நிக்குதே, ரெண்டு பெஞ்சு கெடக்கே, அதுக்க மேல. பாக்கல்லியா?"

இளநீரைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து, பாதையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "மாமா, பிள்ளைக்க உடுப்பை மாத்தியாச்சு. இவரு எங்க?" என்றாள். குழந்தை மணல்மேட்டைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, அப்பா என்று கூப்பிட்டது. அடும்பு காட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிக் கையாட்டினான்.

என்ன சொல்லி விடைபெற்றேன் என்று நினைவில்லை. வெயிலைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் தற்செயல் கெட்டுவிடும் என்று அப்போதும் ஒரு புத்தி. வாசல் மரத்தின் கீழ் மனைவி உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுத்த குடை, ஒரு அம்மா, போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் தலைமுடி குறைந்த ஒரு பையன்.

"வாங்க" என்றேன். வழிகாட்டிகள் சொல்வது மாதிரி இருந்தது.

குடைக்காரர் நிதானமாகப் பேசினார். "நாங்க பத்தரைக்கே வந்தாச்சு. இந்த அம்மாட்ட வெயிலைப் பத்திப் பேசிட்டிருந்தோம். உள்ள போய்ப் பாருங்கன்னு இவங்க சொன்னாங்க. போய்ப் பாத்தோம். நீங்க வேற ஆளுகளோட இளநீர் குடிச்சிட்டு இருந்திய. பிள்ளையும் அந்தப் பையன்கூடச் சிரிச்சுப் பேசிட்டிருந்தா. ஒரே நாளையில ரெண்டு எடம் பாக்கது உங்க சௌகரியம். நாங்க ஒண்ணும் சொல்லல்ல."

"ஐயோ, அவங்க செடி பாக்க வந்தவங்க" என்றேன்.

"நாங்களும் செடி பாக்கத்தான் வந்தோம்" என்றார். "சரி. சொல்லி விடுதோம்."

பையன் என் மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரியான களைப்பு. அவனுக்கு இது எத்தனையாவதோ.

அவர்கள் கார் போன பிறகு மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "ஆளைக் கண்டதுமே எனக்கு மனசிலாச்சு. உங்களை எப்படிக் கூப்பிட? உங்க போன் எனக்க மடியிலயே அடிக்குது, பிள்ளைக்க போன் கார்ல கெடக்கு. நாப்பது நிமிசம் வெயிலைப் பத்திப் பேசியிருக்கேன். இனி வெயில்ல பேச ஒண்ணும் பாக்கி இல்ல."

நான் மகளைப் பார்த்தேன். "அந்தப் பையன் வேற ஆளுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பாத்ததுமே. எனக்கும் போட்டோ அனுப்பினீங்கல்லா. அவரும் ரெண்டாவது நிமிசமே, எனக்க வொய்ஃபுக்கு அடும்புப் பூன்னா இஷ்டம்னு சொல்லிட்டாரு."

"பொறவு ஏம்மா சொல்லல்ல?"

மேலேயிருந்து விழுந்த பச்சைப் புன்னைக்காய் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லா இருந்தீங்கப்பா. எட்டுத் தடவையும் உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் நான் நடப்பேன். பரீட்சை எழுதப் போனவன் மாதிரி இருப்பீங்க. இண்ணைக்கு மரத்தைத் தட்டிக் குடுத்திட்டு நின்னீங்க. என்கிட்டயும் யாரும் வேலையை விட்டிருவியான்னு கேக்கல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போட்டும்னு இருந்திட்டேன்." பிறகு சொன்னாள். "தப்புதான். அவங்க பாவம்."

மனைவி பையைத் திறந்து என் போனை நீட்டினாள். தரகரின் பெயர் அதில் துடித்துக்கொண்டிருந்தது.

"சாரே, குளச்சல்காரர் இப்பதான் கூப்பிட்டாரு. போட்டும் விடுங்க. குலசேகரம் பக்கம் ஒரு நல்ல எடம் கெடக்கு. பையன் ஓமான்ல இருந்து வந்திருக்கான். வாற சனிக்கிழமை திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வாற மாதிரி வச்சுக்கிடலாமா?"

மகள் என் பக்கம் பார்க்கவில்லை. காயை உருட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். அருவியில் தலையைத் துவட்டிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசும் என்னை ஒரு கணம் பார்த்தேன். பிறகு, விடியற்காலைகளில் வந்து நிற்கும் அந்த வீட்டு விளக்கையும் பார்த்தேன். அது அப்போதும் அணைந்து எரிந்தது. அதைச் சரிசெய்ய ஒன்பது தடவையும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"நாங்க சொல்லி விடுதோம்" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். "பிள்ளைக்க முடிவா, சாருக்க முடிவா?" என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கதும்."

போனைக் கொடுத்தபோது மனைவி அதை வாங்கிப் பையின் அடியில் போட்டு மூடினாள். கண்ணைத் துடைத்தாளா, வியர்வையா, நான் உற்றுப் பார்க்கவில்லை. "பெங்களூர்ல தனியா எங்க தங்குவா?" என்றாள், யாரையும் கேட்காமல். அப்புறம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்த அடும்பைக் காட்டு. இவ்வளவு பாடு பட்டு வந்தாச்சு. பைய நட."

டிக்கெட் சாயங்காலம்வரை செல்லும். இருவரும் மணல்பாதையில் போனார்கள், நாலடிக்கு ஒரு தடவை நின்று நின்று. உச்சிவெயிலில் அடும்புப் பூ வாடத் தொடங்கியிருக்கும். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். கால் வலித்தது. புன்னை என்று எழுதி மரத்தில் ஆணியடித்திருந்த பலகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன்.