ஆரணிக்கு வந்த மெர்லோ

பார் கவுண்டரில் நிற்கிறவனைக் குடிகாரர்கள் படுத்துவதைவிடத் தெளிவாக இருப்பவர்கள் படுத்துவதுதான் அதிகம். எதையாவது விற்று வயிறு வளர்ப்பவராக இருந்தால் நீங்களும் தலையாட்டுவீர்கள்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சத்தை லாரி செட்டிலும் கோழி மார்க்கெட்டிலும் அடிபட்டுக் கற்றேன். கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் பார் மேனேஜராக இருந்தேன்.

தீவு

முதலாளியின் மாப்பிள்ளை சிசிலித் தீவுக்கு ஹனிமூன் போய்வந்தார். வந்த கையோடு அந்தத் தீவின் சிவப்பு வைன், மெர்லோ, பெட்டி பெட்டியாக இறங்கியது. எனக்குப் பாடம் வேறு எடுத்தார். எரிமலை இருக்கிற தீவாம். பகலெல்லாம் வெயில் காயுமாம், ராத்திரி கடல் காற்று வந்து திராட்சையை ஆற்றுமாம். அதனால் தொண்டையை அறுக்காமல் இறங்குமாம். ஆட்டுக்கறி, காளான், தக்காளி சாஸ், பழைய சீஸ், இதெல்லாம் அதற்குப் பொருத்தமாம். ஒரு வாய் குடித்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கட்டிங் கேக்கற ஆளுங்ககிட்ட இத எப்படிங்க விக்கறது?" என்று முதலாளியிடம் கத்தினேன். முதலாளி குரலே உயர்த்தவில்லை. "பொங்கலுக்குள்ள இது போவணும்பா. இல்லன்னா நீ போவணும்."

மூடி

தினமும் வருகிற ஜரிகை வியாபாரி ஒருவரை மடக்கினேன். அரை மணி நேரம் பேரம். ஒருவழியாகச் சம்மதித்தார். பாட்டிலைத் திறக்கப் போனால் கார்க் எடுக்கிற சாமான் மாப்பிள்ளையோடு சென்னைக்குப் போயிருந்தது. கதவு ஸ்குரூவைத் திருகி பிளையரால் இழுத்தேன். பாதி கார்க் கையோடு வந்தது, பாதி உள்ளே மிதந்தது.

அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒரு மூடி போட வக்கில்லாம கட்டைய வெச்சு அடைச்சிகினு இருக்கான். அவன் சரக்கப் போயி எனுக்கு ஊத்தறியே!"

கறி

எங்கள் பாரே மட்டன் மிளகு வறுவலால்தான் ஓடியது. அதோடு மெர்லோ குடித்தால் நாக்கில் கசப்பு ஏறியது. சமையல்காரர் பாஷாவோடு சண்டை போட்டு மிளகைக் குறைத்து, தக்காளியைக் கூட்டி, மெதுவாக வேகவைக்கச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அமிர்தம். மாப்பிள்ளை சொன்னதில் தப்பில்லை.

அன்றைக்கு வந்த லாரி ஓனர் வைனைத் தொடவே இல்லை. வறுவலை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சரக்குக்காவ கறியக் கெடுப்பியா? ஊர்ல எவனக் கேட்டாலும் சொல்வான்யா, கறிக்குத்தான் சரக்கு!"

கலர்

மார்கழி பிறந்தது. பெட்டிகள் அப்படியே இருந்தன. அப்போதுதான் கல்யாணப் பட்டு எடுக்க வந்து ரூமில் தங்கியிருந்த ஓர் அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். ஆறு பாட்டில் வேண்டுமாம், விலைகூடக் கேட்கவில்லை. என் உசிரே திரும்பி வந்தது. "விசேஷத்துக்காம்மா?" என்றேன். "இவளுக்குத்தாங்க. டெய்லி நைட்டு ஒரு டம்ளர் குடுத்தா முகூர்த்தத்துக்குள்ள கலர் ஏறிடும்னாங்க."

அந்தப் பெண் கறுப்பு, லட்சணமான முகம். என் பக்கத்தில் நின்றிருந்த முதலாளியின் மாப்பிள்ளை, புடவைப் பையில் வைத்துக் கொடுத்தனுப்பு என்று கண்ணைக் காட்டினார். அந்தப் பெண்ணோ மெதுவாக என்னிடம், "நெஜமாவே கலர் ஏறுமா அங்கிள்?" என்று கேட்டாள். ஏறும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நாக்குலதாம்மா கலர் ஏறும். பொண்ணுக்கு இன்னா கொறைன்னு இத ஊத்தறீங்க? வர்றவனுக்குக் கண்ணு இல்லையா?" என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா சொன்னார்: "கட்டிக்கப் போறவரே கலர் ஏத்தச் சொல்லித்தான் அனுப்பினாரு. நீ யாருய்யா நடுவுல?"

பால்

பொங்கல் வரைக்கும்கூட விடவில்லை, மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். கவுண்டரில் மாப்பிள்ளையே உட்கார்ந்தார். மாசி முகூர்த்தங்கள் முடிந்தபோது பாஷா போன் செய்தார். அத்தனை பெட்டியும் காலியாம், அடுத்த லோடு வருகிறதாம். நம்ப முடியாமல், "எதோட சேத்துக் குடுக்கறாரு பாய்?" என்று கேட்டேன்.

"குங்குமப்பூ போட்ட பாலோடண்ணே. பொண்ணுங்க வரிசைல நின்னு வாங்கினு போறாங்கோ."

இப்போது மார்க்கெட்டில் கேரட், பீட்ரூட் வியாபாரம் செய்கிறேன். தின்றால் கலர் வருமா என்று நேற்று ஓர் அம்மா கேட்டபோது, தராசையே பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு வியாபாரம் கற்றுக்கொண்டேன்.